டிரைவர் வாட்ச்: அமிடா டிஜிட்ரெண்ட் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: இதை ஏன் டிரைவர் வாட்ச் என்கிறார்கள்?

பதில்: ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது சாதாரண வாட்ச்சில் மணி பார்க்கக் கையைத் திருப்ப வேண்டும். 1976-இல் வந்த இந்த சுவிஸ் வாட்ச்சில், எண் தெரியும் ஜன்னல் கேஸின் விளிம்பில் ஓட்டுபவரைப் பார்த்து நிற்கிறது. கண்ணைத் தாழ்த்தினால் போதும்.

கேள்வி: அண்ணா, செல் எங்கே போடுவது?

பதில்: செல்லே கிடையாது தம்பி, சாவி கொடுக்கிற வாட்ச்! எனக்கு இதில் பிடித்ததே அதுதான். மணிக்கும் நிமிடத்துக்கும் எண் அச்சடித்த தட்டுகள் உள்ளே படுக்கைவாட்டில் சுற்றுகின்றன. மேலே ஒரு கண்ணாடிப் பட்டகம் (பிரிசம்) அந்த எண்களின் பிம்பத்தைச் செங்குத்தாகத் திருப்பி ஜன்னலுக்கு அனுப்புகிறது. பிம்பம் இடவலம் மாறும் என்பதால் தட்டில் எண்கள் இடவலம் மாறிய அச்சாக, ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியிருப்பதுபோல இருக்கும். அன்றைய எல்.இ.டி. வாட்ச்சுகளில் பொத்தானை அழுத்தினால்தான் எண் ஒளிரும். அதற்கு மற்றக் கை வேண்டும். இதற்கு அது தேவையில்லை. கார் ஓட்டுகிறவரை உண்மையாகவே நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஜுவல்தானாம். வாங்கலாமா?

பதில்: ஜுவல் என்பது தேய்மானத்தைக் குறைக்க இயந்திரத்தில் வைக்கும் மாணிக்கக் கல். இது விலை குறைந்த பின்-லீவர் (pin-lever, ஊசி வைத்த நெம்புகோல்) இயந்திரம்தான். மாணிக்கக் கல் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு ஊசிகள், அவை தேயும். பழைய எண்ணெய் காய்ந்திருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். அதனால் வாங்கியதும் ஓட்டிப் பார்க்காமல் முதலில் சர்வீஸுக்குக் கொடுங்கள். விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: நிமிடம் 59-இலிருந்து 00-க்குப் போவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மணி எண் ஒரே தாவலில் மாற வேண்டும். பாதியில் நின்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மழையில் கட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இதற்கு முன்பும் டிரைவர் வாட்ச் இருந்ததா?

பதில்: விலையுயர்ந்த சுவிஸ் வாட்ச் நிறுவனமான வஷெரோன் கான்ஸ்டன்டின் 1921-இல் அமெரிக்கச் சந்தைக்காக டயலையே சாய்த்து வைத்துச் சிறு எண்ணிக்கையில் செய்தது. 1930-களின் இறுதியில் குரூயன் என்ற வாட்ச் நிறுவனம், மணிக்கட்டின் பக்கவாட்டில் கட்ட வளைந்த வாட்ச் கொண்டுவந்தது. வஷெரோனின் அழகு வேறு எதற்கும் வராது. ஆனால் சாமானியனுக்காக யோசித்தது அமிடாதான்.

கேள்வி: புதிதாக மறுபடி வருகிறதாமே?

பதில்: 2024-இல் வந்தது, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரத்தோடு. தினமும் கட்டுவதற்கு அதை வாங்குங்கள். பட்டகத்தின் பின்னே அந்தப் பழைய ஒற்றைக் கல் இயந்திரம் டிக்கடிப்பதைக் கேட்க வேண்டுமென்றால், 1976-இன் வாட்ச்சைத் தேடுங்கள்.