அதிபரை விசாரிக்கிறார்கள், மக்கள் என்ன சொல்கிறார்கள்? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

அதிபர்களைப் பதவி நீக்க நடக்கும் விசாரணைகளைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்குக் கோத்தகிரியிலிருந்து பந்தலூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. குடிநீர், காட்டுமாடு, இலை விலை என்று ஊரில் ஆயிரம் கவலை இருக்க, வாஷிங்டனையும் சியோலையும் பற்றி இத்தனை பேர் கேட்டது ஆச்சரியம்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, நிக்சன் மீதான விசாரணையை டிவியில் பார்த்து அமெரிக்க மக்கள் மனம் மாறினார்கள் என்று படித்திருக்கிறேன். 2019-இல் டிரம்ப் மீதான விசாரணையையும் நேரலையில்தான் காட்டினார்கள். யாரும் அசைந்த மாதிரி தெரியவில்லையே, ஏன்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்)

முதலில் ஒரு திருத்தம். நிக்சன் காலத்திலும் மக்கள் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நிக்சன் பக்கத்து ஆட்கள் புகுந்து பிடிபட்டது 1972 ஜூன் 17. அது தெரிந்த பிறகும் அந்த நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49 நிக்சனுக்கே போயின. செனட்டர் சாம் எர்வின் தலைமையிலான குழு டிவி கேமராக்களுக்கு முன் விசாரணையைத் தொடங்கியது 1973 மே 17. வெள்ளை மாளிகை உரையாடல்கள் ரகசியமாக ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன என்று பட்டர்ஃபீல்ட் என்ற அதிகாரி போட்டு உடைத்தது ஜூலை 16. அந்தக் கோடையில் நிக்சனின் செல்வாக்கு சரசரவென்று இறங்கியது உண்மை. ஆனால் ‘தப்பு செய்திருக்கிறார்’ என்று சொன்னவர்களிலேயே பெரும்பாலானோர் ‘அதற்காகப் பதவியை விட்டு இறக்க வேண்டாம்’ என்றும் சொன்னார்கள். இறக்கத்தான் வேண்டும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொல்ல இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

அந்த ஒரு வருடத்தில் நாடகம் நிற்கவே இல்லை. ஒலிநாடாக்களைத் தரச் சொல்லிக் கேட்ட சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் வேலையை விட்டுத் தூக்கவைத்தார். நாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 5 அன்று வெளியான ஒரு நாடாவில், விசாரணையைத் தடுக்க வழி சொல்வது அவருடைய சொந்தக் குரல். ஆகஸ்ட் 7 அன்று கோல்ட்வாட்டர் உட்பட அவருடைய கட்சித் தலைவர்கள் மூன்று பேர் நேரில் போய், செனட்டில் உங்களைக் காப்பாற்ற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் இரவு ராஜினாமாவை அறிவித்துவிட்டார்.

2019-இல் இவற்றில் எதுவும் இல்லை. தன் போட்டியாளர் பைடனை விசாரிக்கச் சொல்லி உக்ரைன் அதிபரோடு டிரம்ப் பேசிய தொலைபேசி உரையாடலின் எழுத்து வடிவத்தை வெள்ளை மாளிகையே செப்டம்பரில் வெளியிட்டுவிட்டது. நவம்பர் 13 அன்று பொது விசாரணை தொடங்கும்போது புதிதாகக் கண்டெடுக்க நாடா எதுவும் மிச்சமில்லை. டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபையில் குற்றம் சாட்டும் வாக்கெடுப்பே முடிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஊறிய விஷயம் அங்கே, ஐந்து வாரம் ஓடிய விஷயம் இங்கே.

எல்லாரும் டிவி சேனல்களைத்தான் குறை சொல்கிறார்கள். அன்று மூன்றே பெரிய சேனல்கள், இன்று ஆளுக்கொரு சேனல் என்று. அது பாதிக் காரணம். மீதிப் பாதி கட்சிக்குள் இருக்கிறது. நிக்சனின் கட்சியில் பிளவு வந்தது, அதைப் பார்த்துத்தான் அவருக்கு வாக்களித்தவர்களும் கை விட்டார்கள். 2019-இல் பிரதிநிதிகள் சபையில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட அவருக்கு எதிராக வாக்களிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் செனட்டில் அதே கட்சியின் ராம்னி ஒருவர் மட்டும், அதுவும் இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்றில் மட்டும். தன் கட்சித் தலைவர்களே அசையாதபோது தொண்டர் எதற்கு அசையப் போகிறார்? அடுத்த முறை எங்காவது இப்படி விசாரணை நடந்தால் சாட்சியை விட ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை அதிகமாகக் கவனியுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

டிரம்ப்பை இரண்டு முறை பதவி நீக்கம் செய்தார்கள் என்று பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் மறுபடி எப்படி அதிபரானார்? (கல்லூரி மாணவி, கோத்தகிரி)

புத்தகம் தவறு. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுகிறது, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட், அங்கே வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். முதல் படியை இரண்டு முறை தாண்டினார்கள், இரண்டாவது படியை ஒரு முறையும் தாண்டவில்லை. 2021-இல் 57-43 வரை வந்தது, தேவைப்பட்டது 67. குற்றவாளி என்று செனட் சொல்லியிருந்தால், இனிமேல் பதவிக்கே வரக்கூடாது என்று தனியாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்தித் தடுத்திருக்கலாம். அதுவும் நடக்கவில்லை. 2024-இல் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-99-இல் கிளிண்டன் என்று செனட் வரை போனவர்கள் யாருமே நீக்கப்படவில்லை. ஜான்சன் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவும் அப்பாவும் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை செய்தவர்கள். மாமா குடும்பம் இன்னும் ஹட்டன் பக்கம்தான். 2022-இல் இலங்கையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள்ளேயே போய்விட்டார்கள். பதவி நீக்கச் சட்டம் அங்கே இல்லையா? (வாசகர், பந்தலூர்)

சட்டம் இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 38-ஆவது உறுப்பு. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து, உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உண்டு என்று சொல்லி, மறுபடியும் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்ற வேண்டும். இத்தனை கதவுகளைத் தாண்டி இதுவரை எந்த அதிபரும் நீக்கப்படவில்லை.

1991-இல் ஒரு முறை முயன்றார்கள். உங்கள் மாமாவுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். அப்போதைய அதிபர் பிரேமதாசாவின் சொந்தக் கட்சியிலேயே லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் முன்னால் நின்று பதவி நீக்கத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள். சபாநாயகர் முதலில் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டார், அப்புறம் செல்லுபடியாகும் கையெழுத்துகள் போதவில்லை என்று தள்ளிவிட்டார். சண்டை முழுக்கக் கையெழுத்துகளைச் சுற்றித்தான், குற்றச்சாட்டுகளுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் தலைவரான தொண்டமான் அப்போது பிரேமதாசாவின் அமைச்சரவையில் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பொது விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லாததால், என்ன குற்றம், என்ன சாட்சி என்று தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து பேச ஜனங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முயற்சி செய்தவர்கள் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

2022-இல் நேர் எதிர். பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. தீர்மானம், நோட்டீஸ் என்று காத்திருக்கிற நிலையில் யாரும் இல்லை. ஜூலை 9 அன்று கூட்டம் மாளிகைக்குள் போனது, 13 அன்று அதிபர் கோத்தபய மாலத்தீவுக்குப் பறந்தார், 14 அன்று சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். ஆனால் ஜூலை 20 அன்று அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுத்தது யார்? அதே நாடாளுமன்றம். தெருவில் நின்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த, பிரதமராக இருந்த ரணிலுக்கே 134 வாக்குகள். கூட்டத்தால் ஓர் ஆளை இறக்க முடிந்தது, அடுத்து யார் என்பதை எண்ணிக்கைதான் முடிவு செய்தது.

அமெரிக்க அதிபரை விசாரித்தால் பச்சைத் தேயிலை விலை ஏறுமா? (சிறு விவசாயி, எடப்பள்ளி)

ஏறாது, இறங்கவும் இறங்காது. குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகிறது என்று மட்டும் பாருங்கள்.

கொரியாவில் மட்டும் எப்படி நீக்குகிறார்கள்? அங்கே மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவில் இறங்கியதுதானே காரணம்? (வாசகி, உதகை)

தெரு ஒரு காரணம். அது மட்டும் என்று சொன்னால் 2024 டிசம்பரில் நடந்தது புரியாது. டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். 7-ஆம் தேதி அவரை நீக்கக் கோரும் முதலாவது தீர்மானம் வந்தபோது நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். ஆனாலும் தீர்மானம் விழுந்தது. 300 பேரில் 200 வாக்கு வேண்டும், ஆளுங்கட்சிக்காரர்கள் அநேகமாக எல்லாரும் வெளிநடப்பு செய்ததால் 195 பேர்தான் வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து 14-ஆம் தேதி 204 பேர் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சிகளின் பலம் 192. மீதி 12 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வாரமும் இளம்பெண்கள் பாட்டுக் கச்சேரிகளில் ஆட்டும் ஒளிக்குச்சிகளோடு உறைபனிக் குளிரில் நின்றது, அந்த 12 பேர் தங்கள் தொகுதிக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க வைத்தது. கூட்டத்தின் வேலை அதுதான்.

2016-இல் அப்போதைய அதிபர் பார்க் கியூன் ஹே மீது 234 பேர் வாக்களித்தபோதும் அவருடைய கட்சியினர் 60-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். அப்போது கணிப்புகளில் அவருக்கு ஆதரவு 4 சதவீதம்வரை இறங்கியிருந்தது.

இதே கொரியாவில் மெழுகுவர்த்தி எதிர்ப்பக்கமும் எரிந்திருக்கிறது. 2004 மார்ச்சில் அதிபர் ரோ மூ ஹியூனைச் சின்னக் குற்றத்துக்காகக் குற்றம் சாட்டினார்கள், தேர்தலில் நடுநிலை தவறிப் பேசினார் என்று. தீர்மானத்தை எதிர்த்த உறுப்பினர்களைச் சபையிலிருந்து இழுத்து வெளியே போட்டதை நாடே டிவியில் பார்த்தது. மக்களுக்கு வந்த கோபம் அதிபர் மேல் அல்ல, இழுத்துப் போட்டவர்கள் மேல். அடுத்த மாதத் தேர்தலில் ரோவை ஆதரித்த சிறிய கட்சி 299 இடங்களில் 152-ஐ வென்றது. மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவிக்குத் திருப்பி அனுப்பியது.

அங்கே நாடாளுமன்றம் குற்றம் சாட்டினால், கடைசி முடிவு அந்த நீதிமன்றத்தின் கையில். யூன் மீதான தீர்ப்பை 2025 ஏப்ரல் 4 அன்று சியோலில் காலை 11 மணிக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். நமக்கு ஏழரை, இலை பறிக்கக் கிளம்பும் நேரம். எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக நீக்கினார்கள்.

கருத்துக்கணிப்பை நம்பலாமா? ஆயிரம் பேரைக் கேட்டு ஒரு நாடே இப்படி நினைக்கிறது என்கிறார்களே! (வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர், அருவங்காடு)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் பானையைக் கிளறியிருக்க வேண்டும். எல்லா வயது, எல்லா மாநிலம், எல்லாக் கட்சியும் கலந்து ஆயிரம் பேரை எடுத்தால் மூன்று நான்கு சதவீதம் முன்னே பின்னே சரியாகவே வரும். அதனால் இந்த வாரம் 48, அடுத்த வாரம் 50 என்றால் ‘மக்கள் மாறிவிட்டார்கள்’ என்று கத்தும் செய்தியை ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணை விட, என்ன கேட்டார்கள் என்பது முக்கியம். விசாரிக்கலாமா என்பது ஒரு கேள்வி, நீக்கலாமா என்பது வேறு, அதிபர் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்பது மூன்றாவது. வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்ணுடனான உறவு பற்றிக் கிளிண்டன் பொய் சொன்னார் என்று பெரும்பாலான அமெரிக்கர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆட்கள் வேலையில் அவருக்கு நல்ல மார்க் போட்டார்கள். 1998 டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டிய கையோடு காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் 73 சதவீதம் ஆதரவு, அவருடைய பதவிக்காலத்திலேயே அதுதான் உச்சம். ஊரில் வேலை வெட்டி நன்றாக இருந்த காலம் அது. அவருடைய சொந்த விவகாரத்தை இத்தனை தூரம் கிளற வேண்டுமா என்ற சலிப்பும் சேர்ந்துகொண்டது.

நம் குடியரசுத் தலைவரை நீக்க முடியுமா? அப்படி ஒரு விசாரணை வந்தால் நம் எம்.எல்.ஏ.க்களுக்கு அதில் பங்கு உண்டா? (வாசகர், கூடலூர்)

முடியும். உறுப்பு 61. காரணம் ஒன்றே ஒன்று, அரசியலமைப்பை மீறியது. ஓர் அவையின் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும், பிறகு மற்ற அவை விசாரித்து அதே பெரும்பான்மையில் நிறைவேற்ற வேண்டும். இதுவரை ஒருவர் மீதும் நடந்ததில்லை.

எம்.எல்.ஏ. கேள்வி அருமை. உதகை, குன்னூர், கூடலூர் எம்.எல்.ஏ.க்கள் மூவரும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறார்கள். நீக்கும்போது அவர்களுக்கு வாக்கு இல்லை, நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். இது சரியா என்று கேட்டால், எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வந்தது நீதிபதி வி.ராமசாமி விவகாரம். தமிழ்நாட்டுக்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதி. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தபோது செய்த செலவுகள் பற்றிப் புகார். 1993 மே மாதம் மக்களவையில் கபில் சிபல் அவருக்காக வாதாடினார். தீர்மானத்துக்கு ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். தேவைப்பட்ட எண்ணிக்கை சேராததால், எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் தோற்றது! காங்கிரஸ் உட்பட 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஒருவரைக் காப்பாற்றுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஊராட்சித் தலைவரை இப்படி நீக்க வழி உண்டா? கிராம சபையில் கை தூக்கினால் போதுமா? (வாசகர், மஞ்சூர்)

கை தூக்கினால் போகமாட்டார். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205-இன்படி அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அவராகவும் தொடங்கலாம், வார்டு உறுப்பினர்கள் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தும் தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பார்த்து ஆட்சியர் முடிவெடுப்பார். கிராம சபையில் உங்களால் செய்யக்கூடியது, வரவு செலவுக் கணக்கைக் கேட்டு, நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைப்பது. எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். வார்டு உறுப்பினர்கள் மனு எழுதும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் கூட வைக்கச் சொல்லுங்கள்.