தாத்தாவின் பிளான் சுருள்களும் 14 லட்சம் ரூபாய் கடனும்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா வீட்டிலேயே மூன்று தறி வைத்துக் கைலி நெய்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குழு, நல்ல மதிப்பெண். அம்மா அதிகம் பேசவில்லை. கூட வந்திருந்த தாய்மாமாதான் பேசினார்.

"பொண்ணு எப்பப் பார்த்தாலும் பிளான் பேப்பரும் கையுமாவே இருக்கா சார். ஆர்க்கிடெக்சர்ல சேர்த்துடலாம்னு இருக்கோம்" என்றார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 14 லட்சம் ரூபாய், விடுதி தனி. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாம் என்று மாமாவே முடிவு செய்திருந்தார். அப்பாவின் முகத்தில் தூக்கமில்லாத களை. "பயப்படாதீங்க ஐயா, நிதானமா பேசி முடிவு பண்ணலாம்" என்று முதலில் சொன்னேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசிய பிறகு, நிதானமாகப் பேச என்னால் முடியவில்லை.

பிளான் பேப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று அவளிடம் கேட்டேன். அவளுடைய தாத்தா, அதாவது இந்த மாமாவின் அப்பா, வேலூர்ப் பக்கம் கொத்தனாராக இருந்து மேஸ்திரியானவர். வேலை முடிந்ததும் பிளானை எறிய மனசு வராமல் சுருட்டிச் சுருட்டி ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். நாற்பது சுருளுக்கு மேல் இருக்கும். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தவள் இவள்தான். ஒவ்வொன்றையும் பிரித்து, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வருடம், எத்தனை தாளில் எந்தத் தாள் இல்லை என்று 80 பக்க நோட்டில் எழுதியிருக்கிறாள். வீட்டு எண் மாறிப்போன இடங்களை அம்மாவோடு நேரில் போய்த் தேடியிருக்கிறாள்.

"புதுசா வீடு வரையணும்னு ஆசையா இருக்காம்மா?"

"இல்ல சார். இதெல்லாம் கெட்டுப்போகாம இருக்கணும். நீலமா இருக்கிறதெல்லாம் ஏன் வெளுத்துக்கிட்டே வருதுன்னு தெரிஞ்சுக்கணும்."

மாமா, அப்பா இருவருக்கும் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இவளுக்கு ஆர்க்கிடெக்சர் வேண்டாம். கட்டடம் வரைபவருக்கு இன்னும் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும் பசி இருக்க வேண்டும். ஐந்து ஆண்டும் ராத்திரி பகலாக வரைந்து, அடித்து, மறுபடி வரைவதற்கு அந்தப் பசிதான் தெம்பு. இந்தப் பெண்ணுக்குப் பிடித்திருப்பது இருப்பதைப் படிப்பது, வரிசைப்படுத்துவது, காப்பாற்றுவது. இரண்டிலும் வரைபடம் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் "பையன் நல்லா படம் போடுறான்" என்ற ஒன்றை மட்டும் கேட்டு ஒருவனை அந்தப் படிப்புக்கு அனுப்பி வைத்தேன். மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தான். கட்டிய பணம் போனது போனதுதான். அந்தத் தவறு என்னுடையது. மறுபடி செய்ய மாட்டேன்.

அப்புறம் கடன். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். மூன்று தறி ஓடும் வீட்டின் பத்திரத்தை, பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்காக வங்கியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்தது. "எங்க அப்பா எஞ்சினியருங்க முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னவர் சார். அவர் பேத்தி ஆர்க்கிடெக்ட் ஆகணும்" என்றார். அந்த வலி உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அதை ஆற்ற வேண்டிய பொறுப்பை 17 வயதுப் பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது. அந்த மேஸ்திரி சேர்த்து வைத்த காகிதத்தை உயிரோடு வைத்திருக்க நினைக்கிறவள் இவள் ஒருத்திதான்.

கட்டட வரைபடங்களைக் காப்பது ஒரு தொழில் என்று நம்மூரில் பலருக்குத் தெரியாது. வெளிநாடுகளில் பெரிய பல்கலைக்கழக நூலகங்களே இதற்குத் தனிக் காப்பகம் வைத்திருக்கின்றன. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகம் 1890இல் தொடங்கியது. கட்டடக் கலைக்கே உரிய நூலகம் அது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் பிராங்க் லாயிட் ரைட்டின் வரைபடங்களும் கடிதங்களும் 2012இல் அந்த நூலகத்துக்கும் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கும் பொதுவாக வந்து சேர்ந்தன.

நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. அகமதாபாத்தில் ஐஐஎம் கட்டடத்தை வடிவமைத்த அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் 1974இல் இறந்தபோது அவருடைய அலுவலகம் கடனில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் வரைபடங்கள் சிதறிப் போயிருக்கும். பென்சில்வேனியா மாநில அரசு அவற்றை விலைக்கு வாங்கியது. இன்று அவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. டாக்கா நாடாளுமன்றக் கட்டடமும் கான் வடிவமைத்ததுதான். தன் நாடாளுமன்றத்தின் மூல வரைபட நகல்களுக்காக வங்கதேச அரசு 2016இல் அந்தக் காப்பகத்திடம்தான் போனது. ஒரு நாட்டு அரசே தன் கட்டடத்தின் பிளானைக் கேட்டு ஒரு பல்கலைக்கழகத்திடம் போக வேண்டியிருந்தது என்றால், அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் வேலை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நம் நாட்டிலும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு காப்பகம் இருக்கிறது.

அந்த வேலையில் என்ன செய்வார்கள் என்று அம்மா கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி. அதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

பழைய புளூபிரிண்ட், அதாவது அந்த நீல நிற பிளான் நகல், இரும்பு உப்பைக் காகிதத்தில் பூசி வெளிச்சம் காட்டி எடுப்பது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. வெளிச்சத்தில் வைத்தால் நீலம் வெளுக்கும், இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். காரத்தன்மை பட்டாலும் நிறம் போகும். அதனால் மற்ற ஆவணங்களுக்கு நல்லது என்று சொல்லும் காரம் கலந்த காகித உறை இதற்கு ஆகாது. பின்னால் வந்த அம்மோனியா பிரிண்ட் வேறு சாதி. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்திலிருக்கும் தாள்களையும் கெடுக்கும், தனியாக வைக்க வேண்டும். டிரேசிங் துணி என்று ஒன்று இருந்தது. மெல்லிய துணிக்குக் கஞ்சி போட்டு வழவழப்பாக்கியது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை நிற்கும். அந்தக் காலத்தில் வேண்டாத துணியைத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டுக் கைக்குட்டை தைத்துக்கொண்டவர்கள் உண்டு. தறிக்காரர் வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

சுருண்டு மொரமொரப்பாகிப்போன தாளை அப்படியே விரித்தால் உடையும். மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்றைக் கொடுத்து, மெல்ல இளகவைத்து, கனம் வைத்துத் தட்டையாக்குவார்கள். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். பிறகு படுக்கை வசமான இரும்பு டிராயர். வேலூர் வெயிலுக்கும், மழைக்கால ஈரத்துக்கும், கரையானுக்கும் நடுவில் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை.

இது பாதிதான். மறுபாதி, எது யாரிடமிருந்து வந்தது என்பதைக் கலைக்காமல் வைப்பது. ஒரு அலுவலகத்திலிருந்து வந்ததை இன்னொன்றோடு கலக்கக் கூடாது, அவர்கள் வைத்திருந்த வரிசையையும் காரணமில்லாமல் மாற்றக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் தேதி, அளவுகோல், திருத்த எண் எழுத வேண்டும். கூடவே கடிதங்கள், மதிப்பீட்டுத் தாள்கள், ஒப்பந்தங்கள். மாடிப்படி ஏன் வடக்கிலிருந்து கிழக்குக்கு மாறியது என்று பிளான் சொல்லாது, கடிதம் சொல்லும். மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரை போட்ட பழைய வீட்டைப் பழுது பார்க்க வருகிறவருக்கு எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஆள் ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும். குடியாத்தத்துப் பெண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைத்தான் 80 பக்க நோட்டில் ஆரம்பித்திருக்கிறாள்.

சரி, வழி என்ன? வேலூரிலேயே அரசுக் கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டு. வரலாறு அல்லது வேதியியல், எது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்கக் கூடாது. அடுத்து நூலக, தகவல் அறிவியலில் முதுகலை. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக 1924இல் சேர்ந்த ரங்கநாதன் அதற்கு முன் கணக்கு வாத்தியார்தான். முதுகலைக்குப் பிறகு, எந்தப் பாடத்தை ஏற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, டெல்லி தேசிய ஆவணக்காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோவுக்கு முயலலாம். காகிதம் பழுது பார்க்கவும் அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி பெற்றால் பல்கலைக்கழக உதவி நூலகர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்.

மறைக்காமல் இதையும் சொன்னேன். இடங்கள் குறைவு. எல்லா ஆண்டும் ஆள் எடுக்க மாட்டார்கள். முதல் சில வருடம் ஸ்கேன் எடுக்கும் ஒப்பந்த வேலையில் சொற்பச் சம்பளத்துக்கு இருக்க வேண்டி வரலாம். வேலூரை விட்டுச் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டி வரும், "பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பணுமா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அப்போது அப்பாவும் அம்மாவும் அவள் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சமயத்தில் தலைக்கு மேல் 14 லட்சம் இருக்காது, வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

போகும்போது வேதியியல் என்றாள். அந்த நீலம் ஏன் வெளுக்கிறது என்ற கேள்விதான் அவளை இழுத்திருக்கிறது. மாமா எதுவும் சொல்லவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கிழிந்த நாலைந்து தாளைப் போன வருடம் தானே செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டதாகவும், பிரித்து எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டார். இழுக்காதீர்கள், டேப்போடு கோடும் சேர்ந்து வந்துவிடும், இருட்டில் தட்டையாக அப்படியே வையுங்கள், அவள் படித்துவிட்டு எடுப்பாள் என்றேன்.