தொலைவில் ஒரு கிராமத்து வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமணமான நாள் முதல் நாங்கள் ஒரு பெருநகரத்தில் வசித்து வருகிறோம். பதினான்கு வயதில் ஒரு மகளும் எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் எங்களோடு இருக்கிறார். என் வேலையைக் கணினி வழியாக எங்கிருந்தும் செய்யலாம் என்று நிறுவனத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு முழு நாள் பயணத் தொலைவில், கிணறும் தோட்டமும் உள்ள ஒரு கிராமத்து வீடு விலைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளை நகரத்தின் கெடுதல்களிலிருந்து விலக்கி, கர்த்தருக்குப் பயந்தவர்களாக வளர்க்க விரும்புகிறேன். ஆபிரகாமின் அழைப்பை வாசிக்கும்போதெல்லாம் அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. கர்த்தர் காட்டிய இடம் இதுதான் என்று வீட்டில் சொன்னேன். மனைவி மறுத்துப் பேசவில்லை. ஆனால் மகிழ்ச்சியாகவும் இல்லை. மகள் அழுகிறாள். இது தேவசித்தமா என்று எப்படி அறிவது?

பதில்: சகோதரரே, உங்கள் மனைவியைப் பற்றி எழுதிய அந்த ஒரே வரியிலிருந்து தொடங்குகிறேன். மறுத்துப் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. கர்த்தர் காட்டிய இடம் என்று கணவர் சொல்லிவிட்ட பிறகு, விசுவாசமுள்ள ஒரு மனைவியால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? கணவரோடு வாதாடலாம், கர்த்தரோடு வாதாட முடியாது என்று வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை இந்தப் பேச்சை எடுக்கும்போது, "எனக்கு நகரம் சலித்துவிட்டது, அந்த வீடு பிடித்திருக்கிறது, உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்டால்தான் அவர் தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல இடம் கிடைக்கும்.

ஆபிரகாம் தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டார் என்று எபிரெயர் 11:8 கூறுகிறது. உங்களுக்கோ அந்த வீட்டின் அறைகள், கிணறு, தோட்டம், விலை எல்லாம் தெரியும். உங்கள் முன் இருப்பது ஒரு குடும்பம் கூடி யோசித்து எடுக்க வேண்டிய முடிவு; அதை அப்படியே ஒப்புக்கொள்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28 இல் ஆண்டவர் சொன்னது சீஷத்துவத்தைப் பற்றித்தான் என்றாலும், கணக்குப் பார்ப்பதை அவர் அவிசுவாசம் என்று எங்கும் சொல்லவில்லை.

நகரத்தின் கெடுதல்களை விட்டு விலகுவது என்னும் காரணத்தையும் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேதாகமத்தில் முதல் கொலை நடந்தது வயல்வெளியில். லோத்து சோதோமை நோக்கிப் போனதைப் பிரசங்கங்களில் நகர மோகத்துக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஆதியாகமம் 13 ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அவர் கண்ணைப் பறித்தது தண்ணீர் வளமுள்ள யோர்தான் சமவெளிதான் என்பது தெரியும். நிலத்தின் செழிப்பைப் பார்த்தவர், அங்கே குடியிருந்த மனிதர்களைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியும் மூட்டை முடிச்சுகளோடு கிராமத்துக்கு வந்து சேரும். அங்கே நண்பர்கள் இல்லாத முதல் சில மாதங்களில் அதன் பிடி இன்னும் இறுகும் வாய்ப்பே அதிகம். கிராமத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பரிசுத்தம் தேடிப் போகிறோம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வேறு நல்ல காரணங்கள் மிஞ்சுகின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளோடு செலவிட அதிக நேரம், கையால் செய்யும் வேலை, குறைந்த செலவு, உங்கள் தாயாருக்கு அமைதி ஆகியவை எல்லாம் போதுமான காரணங்களே.

இனி வீட்டைப் பற்றி. சாராளை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை ஆபிரகாம் வாங்கியபோது, இலவசமாகவே தருவதாக எப்பெரோன் சொல்லியும் கேளாமல், நகர வாசலில் எல்லோரும் பார்க்க 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். நிலம், குகை, எல்லைக்குள் இருந்த மரங்கள் எல்லாம் பேர் சொல்லி உறுதியாக்கப்பட்டன. எரேமியாவும் ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். விற்பவர் ஜெபிக்கிற மனிதர் என்பதற்காகப் பத்திரம் பார்க்காமல் பணம் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லை. உரிமை, எல்லை, வழிப்பாதை, கிணற்றில் பங்கு இருக்கிறதா என்பது வரை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள்.

கிணறு என்றதும் ஈசாக்கு நினைவுக்கு வருகிறார். கேராரின் பள்ளத்தாக்கில் அவருடைய வேலைக்காரர் தோண்டிய முதல் கிணறு வழக்கில் போயிற்று, இரண்டாவதும் அப்படியே; மூன்றாவதாகத் தோண்டிய ரெகொபோத்துக்குத்தான் யாரும் சண்டைக்கு வரவில்லை. கிராமத்தில் தண்ணீர் இன்றும் அப்படிப்பட்ட பொருள்தான். கிணற்றை மழைக்காலத்தில் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கோடையின் கடைசியில் அதில் எவ்வளவு நீர் நிற்கிறது, பக்கத்து நிலத்துக்காரர் அப்போது எங்கே இறைக்கிறார் என்று விசாரியுங்கள். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து, கழிவுநீர்க் கிருமிகளுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்துக்கொள்ளுங்கள். உரமிட்ட வயல்களுக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைட்ரேட் சேர்வது உண்டு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை வரக்கூடிய வீடானால் இது மிகவும் முக்கியம்.

உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் மூளையை ஸ்கேன் செய்தாக வேண்டும். ஆகவே அருகில் மருத்துவமனை இருக்கிறதா என்ற கேள்வி போதாது. ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள மருத்துவமனைக்கு, நள்ளிரவில், மழை பெய்யும்போது, அந்த வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கேள்வி. ஒருமுறை நீங்களே அந்தப் பாதையில் இரவில் வண்டி ஓட்டிப் பாருங்கள்.

மகளின் அழுகையை அடம் என்று எண்ண வேண்டாம். வாழ்வில் வரும் மாற்றங்கள் மனிதரை எவ்வளவு அழுத்துகின்றன என்பதற்கு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹி என்னும் இரு மனநல ஆய்வாளர்கள் 1967 இல் ஒரு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பதற்கு அதில் 100. வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கு 20, வேலை நேரமும் சூழலும் மாறுவதற்கு 20, சபை ஈடுபாடு மாறுவதற்கு 19, நட்பு வட்டம் மாறுவதற்கு 18. தனித்தனியே பார்த்தால் சிறிய எண்கள். ஆனால் இவை ஐந்தும் உங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் நடக்கப் போகின்றன, கூட்டினால் 97. பெரியவர்களைக் கொண்டு அமைத்த பட்டியல் என்பதால் இதை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும், வீட்டை மாற்றுவதற்குக் கொடுத்த மதிப்பெண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவாகச் சபை மாறுவதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் புதிய ஊரில் எந்தச் சபைக்குப் போவீர்கள் என்ற பேச்சே இல்லை.

என் ஆலோசனை இதுதான். இப்போது வீட்டை வாங்காதீர்கள். அதே ஊரிலோ பக்கத்திலோ ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுங்கள். மகளின் பள்ளிப் படிப்பு ஒரு கட்டத்தை முடிக்கும் நேரம் பார்த்துப் போங்கள். நகரத்து வீடு சொந்தமானால் விற்காமல் வாடகைக்கு விடுங்கள். எலிசாவின் சொற்படி பஞ்சத்துக்குத் தப்பி ஏழு வருடம் வெளியே இருந்த சூனேமியாள், திரும்பி வந்தபோது தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் ராஜாவிடம் முறையிட வேண்டியிருந்தது (2 இராஜாக்கள் 8). தீர்க்கதரிசி சொல்லிப் போனவருக்கே அந்த நிலை. ஓராண்டின் முடிவில் நால்வரும் தாயாரும் உட்கார்ந்து பேசுங்கள். திரும்பிவிடலாம் என்று மகள் சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். அதைக் காப்பாற்றும் மனம் இல்லையென்றால் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் நாங்கள் தொலைவிலுள்ள ஒரு கிராமத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் சபைப் பிரிவின் ஆலயம் வண்டியில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் கூடினால் ஆண்டவர் அங்கே இருக்கிறார், ஆகவே வீட்டில் இணையத்தில் ஆராதனையைப் பார்த்தாலே போதும் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: சகோதரியே, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. மத்தேயு 18:20 க்கு முன்னுள்ள வசனங்களைக் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள். சகோதரன் குற்றம் செய்தால் போய்ப் பேசு, கேளாவிட்டால் சாட்சிகளை அழைத்துப் போ, பிறகு சபைக்குத் தெரியப்படுத்து என்று சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் அந்த வாக்கைத் தருகிறார். சபை வேண்டாம் என்பதற்கு அந்த வசனத்தை எடுத்தால், அது நிற்கும் இடத்திலிருந்து பிடுங்கியதாகும்.

வீட்டில் கூடுவது தவறா என்றால் இல்லை. கிலவுதியு பேரரசரின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தார்கள், பிறகு எபேசுவுக்குப் போனார்கள், பின்னர் மறுபடி ரோமாபுரியில் காணப்படுகிறார்கள். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியது. ஆனால் அங்கே பிறர் வந்தார்கள், பவுலும் அப்பொல்லோவும் அவர்களோடு பழகினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நால்வர் திரையைப் பார்ப்பதை அதோடு சேர்த்துப் பேச முடியாது. இணையத்தில் நல்ல பிரசங்கம் கேட்கலாம், நானும் கேட்கிறேன்; ஆனால் நீங்கள் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தால் அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியப் போவதில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தைச் செய்யுங்கள். திருவிருந்து உள்ள ஞாயிறு அதில் ஒன்றாக இருக்கட்டும். மற்ற ஞாயிறுகளில் வீட்டில் நேரம் குறித்து, பாட்டும் வேதவாசிப்பும் ஜெபமுமாக ஒழுங்காக நடத்துங்கள்; படுக்கை உடையில் நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பது வேண்டாம். பக்கத்து ஊரில் வேறு பிரிவினரின் ஆலயம் இருந்தால் அங்கே போகவும் தயங்காதீர்கள். பாட்டு முறையும் ஜெப முறையும் வேறாக இருக்கும், சில மாதங்கள் கூச்சமாகவும் இருக்கும். பிள்ளைகள் உங்களைவிட விரைவில் பழகிக்கொள்வார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன சூனேமியாள், எலிசா தன் ஊர் வழியாக வந்து போவதைப் பார்த்து, வீட்டு மேல்மாடியில் ஒரு சிறு அறை கட்டி, கட்டில், மேசை, நாற்காலி, குத்துவிளக்கு வைத்தாள் என்று 2 இராஜாக்கள் 4:10 இல் இருக்கிறது. கிராமத்து வீட்டில் இடத்துக்குப் பஞ்சம் இருக்காது. உங்கள் போதகரைக் குடும்பத்தோடு வந்து ஓர் இரவு தங்கிப் போக அழையுங்கள். தொலைவிலுள்ள குடும்பத்தைப் போய்ப் பார்க்க முடியவில்லையே என்ற பாரம் அவருக்கும் இருக்கும்.

கேள்வி: புதிய ஊரில் எங்களுடையது ஒன்றே கிறிஸ்தவக் குடும்பம். அக்கம்பக்கத்தார் மரியாதையாகப் பழகினாலும் சற்று விலகியே நிற்கிறார்கள். வந்தவுடன் சுவிசேஷம் சொல்லாதது தவறா?

பதில்: முதலில் அவர்கள் உங்களுக்குச் சொல்வதைக் கேளுங்கள். தேவனுடைய மேகத்தூண் முன்னே போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, வனாந்தரத்தில் பாளயமிறங்கும் இடங்களை அறிந்த ஓபாபிடம், எங்களுக்குக் கண்களாக இரும் என்று மோசே கேட்டுக்கொண்டார் (எண்ணாகமம் 10:31). எந்த மாதத்தில் எதை விதைப்பது, பாம்பு எங்கே வரும், எந்தக் கிளை காற்றில் முறியும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். உதவி கேட்டு வருபவரைத்தான் கிராமத்தார் தங்களில் ஒருவராக எண்ணத் தொடங்குவார்கள். எல்லாம் தெரிந்தவராக வருபவர் எத்தனை நாளானாலும் வெளியூர்க்காரர்தான். உங்கள் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக இருந்த சபையை விட்டுத் தொலைதூரம் போகிறோம். எப்படி விடைபெறுவது?

பதில்: போகும் வாரத்தில் அறிவிப்பாகச் சொல்லாமல், மூன்று மாதம் முன்னதாகப் போதகரிடம் நேரில் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பு உங்கள் பொறுப்பில் இருந்தால், அடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சில வாரங்கள் நடத்தி ஒப்படையுங்கள். சபைக் கணக்கு கையில் இருந்தால் தணிக்கை செய்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் போவதற்கு முன் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவுகளின் நகல்களையும், உறுப்பினர் மாற்றுக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடாமல், போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே புதிய சபையில் கொடுத்துவிடுங்கள்.