மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீட்டில் ஷவர் ஹீட்டர் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. ஏன்?

பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் குறைவதுதான் காரணம். ஓட்டம் போதாவிட்டால் உள்ளிருக்கும் ஃப்ளோ சுவிட்ச், தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கு மின்சாரம் விடாது.

முதலில் மெயின் சுவிட்சையும் தண்ணீர் வால்வையும் அடைத்துவிடுங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு வலை வடிகட்டி இருக்கும். துருவும் மண்ணும் அங்கேதான் தங்கும். கழற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஷவர் தலையை அரை மணி நேரம் வினிகரில் ஊறவையுங்கள். மாட்டிய பின் வால்வைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக ஓடிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

அப்போதும் சூடில்லையா? காயிலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம். மூடியை நீங்களே திறக்காதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. மாதம் ஒருமுறை, ஹீட்டரின் மின்கசிவுப் பாதுகாப்பைச் சோதிக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், பழுது பார்க்கும்வரை அந்த ஹீட்டரில் யாரும் குளிக்க வேண்டாம்.