ஏசிஎல் (முட்டிக்குள்ள கீழ்க்கால் எலும்பு முன்னாடி நகராம பிடிச்சுக்கிற நார், அதாவது லிகமென்ட்) கிழிஞ்சிருக்கான்னு பாக்க லாக்மன் டெஸ்ட் ஏன் ஆன்டீரியர் டிராயரை விட பெட்டர்னு சொல்றாங்க?

ரெண்டு டெஸ்ட்லயும் டிபியாவ (கீழ்க்கால் எலும்பு) முன்னாடி இழுத்துப் பாப்போம், கால எந்த ஆங்கிள்ல வச்சு இழுக்குறோம்ங்கறதுதாங்க விஷயமே. டிராயர்ல முட்டிய 90 டிகிரி மடக்கணும், ஆனா அடிபட்டு ரத்தம் கட்டி வீங்கின முட்டி அவ்ளோ மடங்கவே மடங்காது, அப்படியே மடக்கினாலும் வலி பயத்துல பேஷன்ட் ஹாம்ஸ்ட்ரிங்க (பின்தொடைத் தசை) இறுக்கிப் பிடிச்சுப்பாரு, அந்த ஆங்கிள்ல ஹாம்ஸ்ட்ரிங் டிபியாவ நேரா பின்னாடி இழுக்கும், போதாக்குறைக்கு மீடியல் மெனிஸ்கஸோட (முட்டிக்குள்ள உள்பக்கமா இருக்குற குருத்தெலும்பு) பின்பகுதி கதவுக்கு அடியில சொருகின கட்டை மாதிரி முட்டுக் குடுக்கும். ஆக லிகமென்ட் அறுந்திருந்தாலும் எலும்பு நகராது, நீங்க நார்மல்னு எழுதிட்டுப் போயிடுவீங்க.

லாக்மன்ல 20-30 டிகிரிதான், அதனால இந்தத் தொல்லையெல்லாம் கம்மி. எவ்ளோ நகருதுன்னு மட்டும் பாக்காதீங்க, கடைசில டக்குனு கயிறு இழுத்துப் பிடிச்ச மாதிரி நிக்குதா இல்ல மெத்துனு போய்ட்டே இருக்கான்னு கைல ஃபீல் பண்ணுங்க. நல்ல கால முதல்ல செக் பண்ணிடுங்க, சிலருக்குப் பிறவிலயே முட்டி லூஸா இருக்கும்.

லாக்மன்ல ஒரு கையால தொடையப் பிடிச்சுக்கணும், கை சின்னதா இருந்தா தொடை பிடிக்கு அடங்காது (எனக்கும் இதே கததான்), உங்க முட்டிய பெட்ல வச்சு அதுமேல பேஷன்ட் தொடைய சாய்ச்சுக்கோங்க.

இன்னொன்னு, பிசிஎல் (டிபியா பின்னாடி போகாம பிடிச்சுக்கிற லிகமென்ட்) போயிருந்தா டிபியா ஏற்கனவே பின்னாடி தொங்கிட்டிருக்கும், இழுத்தா சும்மா பழைய இடத்துக்குத்தான் வரும், அத ஏசிஎல்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க.