டெவில்ஸ் டைக்கில் ஏன் புதரை வெட்டுகிறார்கள்?

கேள்வி: இங்கிலாந்தின் பிரைட்டனுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. பக்கத்தில் உள்ள டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்குக்கு நாயோடு நடக்கப் போவோம். பாதுகாக்கப்பட்ட இடம் என்கிறார்கள். ஆனால் புதரை வெட்டி, ஆடு மாடு மேய விடுகிறார்கள். இது என்ன பாதுகாப்பு? பூ பார்க்க எப்போது போகலாம்?

பதில்: வெட்டுவதும் மேய்ப்பதும்தான் அங்கே பாதுகாப்பு. அப்படியே விட்டால் சில பத்தாண்டுகளில் முட்புதர் மூடிவிடும்.

அங்கே ஆறு இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அடியில் இருப்பது சாக்பீஸ் போன்ற வெள்ளைப் பாறை, மழைநீரைக் குடித்துவிடும். பனியுகத்தில் அது உறைந்து இறுகிக் கிடந்ததால், கோடையில் உருகிய நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலாக ஓடி, சுமார் 100 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளத்தாக்கை அறுத்துவிட்டது.

அப்புறம் ஆடுகள் வந்தன. டெவில்ஸ் டைக் இருக்கும் சசெக்ஸ் பகுதியின் குன்றுகளில் பல நூற்றாண்டுகளாக, பகலில் சரிவில் மேய்த்து இரவில் வயலில் கிடை போட்டார்கள். நம்மூர் ஆட்டுக்கிடை போலத்தான். புல்லின் சத்தெல்லாம் புழுக்கையாக வயலுக்குப் போக, சரிவு மண் மெலிந்துகொண்டே வந்தது. எனக்கு இதுதான் தீராத வியப்பு: அந்த மெலிவால்தான் பூக்கள் பிழைத்தன. சத்துள்ள மண்ணில் முரட்டுப் புல் தழைத்து மற்றதை அமுக்கிவிடும். மெலிந்த மண்ணில் எதன் கையும் ஓங்காது. நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்கூட இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தகைய புல்வெளிகளில் பெரும்பகுதியை உழவும் உரமும் விழுங்கின. டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள் தப்பின. ஆனால் 1953இல் வந்த மிக்சோமடோசிஸ் நோயில், மேய்ந்து புதரை அடக்கி வைத்திருந்த முயல்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. ஆடுகளும் குறைந்திருந்ததால் புதர் ஏறியது. அதைத்தான் இப்போது வெட்டுகிறார்கள்.

மே கடைசியில், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். தெற்கு நோக்கிய சரிவில் குந்தி உட்கார்ந்தால், தரையோடு படர்ந்த மஞ்சள் பூச்செடி தெரியும். காய் குதிரை லாடங்களைக் கோத்ததுபோல் இருக்கும். அடோனிஸ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த ஒரே செடிதான் உணவு. புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். புல் உயர்ந்து நிழல் விழுந்தால் பூச்சி போய்விடும். தவறவிட்டால் ஆகஸ்டில் அடுத்த தலைமுறை பறக்கும். பூவைப் பறிக்காதீர்கள்.

நாயைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஆடு மாடு நிற்கும்போது கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் கழிவை மட்டும் பையில் எடுத்து வந்துவிடுங்கள். அந்த மண்ணுக்கு அதுவும் உரம்தான்.