வசனத்தில் இருக்கிறதா, திரையில் மட்டும்தானா? வேதாகமப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

வேதாகமத்தை வைத்து எடுத்த படங்கள் மூலத்தை விட்டு எங்கெங்கே விலகுகின்றன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு, இசை, வசூல் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். வசனத்தையும் காட்சியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு படத்தைக் குறை சொல்லும் முன் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: 2014-இல் வந்த ‘நோவா’ படத்தில் கல் பூதங்கள் பேழை கட்டுகின்றன. வேதத்தை இதைவிடக் கேவலமாகத் திரித்த படம் உண்டா?

பதில்: அந்தக் கல் உருவங்கள் ஆதியாகமத்தில் இல்லை. வீழ்ந்துபோன காவல் தூதர்கள் ஏனோக்கின் பெயரில் வழங்கும் பழைய நூலில் வருகிறார்கள். அவர்களுக்குக் கல்லுடம்பு கொடுத்தது படம். எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வருத்தம் வேறு இடத்தில்.

ஆதியாகமம் 6:18-ஐ எடுங்கள். வெள்ளம் வருவதற்கு முன்பே தேவன் நோவாவோடு உடன்படிக்கை செய்கிறார்: நீ, உன் மனைவி, உன் குமாரர், குமாரரின் மனைவிகள் எல்லோரும் பேழைக்குள் போங்கள் என்கிறார். 7:13-இல் மூன்று மருமகள்களும் உள்ளே போகிறார்கள். மனிதகுலம் தொடரும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. படத்தில் சேமுக்கு மட்டும்தான் துணை இருக்கிறாள். காம் பெண் கிடைக்காமல் தவிக்கிறான், யாப்பேத் சிறுவன். மனிதகுலமே அழிய வேண்டும் என்பதுதான் தேவசித்தம் என்று நம்பும் நோவா, பிறந்த பேத்திகள் மேல் கத்தியை ஓங்குகிறார். மருமகள்களை எடுத்துவிட்டால்தான் இந்தக் கதை நிற்கும். வசனம் சொல்லாததைச் சேர்ப்பது ஒன்று. சொன்னதை எடுத்துவிட்டு அதற்கு எதிரானதை வைப்பது முற்றிலும் வேறு. பூதங்கள் முதல் வகை, கத்தி இரண்டாவது வகை.

கேள்வி: நீதிமானான நோவாவைக் குடித்துவிட்டு நிர்வாணமாகக் கிடப்பதாகக் காட்டுகிறார்களே?

பதில்: ஆதியாகமம் 9:21. முதலில் அதிகாரத்தை வாசியுங்கள்.

கேள்வி: நோவா பேசும் வசனமெல்லாம் கற்பனை என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: சரிதான். பேழை கட்டும்போதும், மழை கொட்டும்போதும், புறாவை வெளியே விடும்போதும் நோவா ஒரு வார்த்தை பேசியதாக ஆதியாகமத்தில் இல்லை. அவர் வாயிலிருந்து வந்ததாக எழுதப்பட்டிருக்கும் முதல் வார்த்தைகளே 9:25-இல் வரும் சாபம்தான். இந்தக் கதையை யார் படமாக்கினாலும் நோவாவைப் பேச வைத்தே ஆக வேண்டும். அதற்காக இயக்குநரைத் திட்ட மாட்டேன்.

கேள்வி: நீலக் கண் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: சுவிசேஷங்கள் அவருடைய கண் நிறத்தையோ முகத்தையோ வர்ணிக்கவில்லை. 1961-இல் ஜெஃப்ரி ஹண்டர், 1977-இல் ராபர்ட் பவல் என்று நீலக் கண் நடிகர்களே நடித்ததால் மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டது. 2004-இல் ‘பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ படத்தில் ஜிம் கவீசலின் கண்களைக் கணினியில் பழுப்பாக மாற்றினார்கள்.

கேள்வி: அந்த ‘பேஷன்’ படத்தில் அரமேயிக் மொழியிலேயே பேசுகிறார்கள். வேதத்துக்கு மிக உண்மையான படம் அதுதானே?

பதில்: இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வாரினால் அடிக்கும் காட்சி பார்க்க முடியாத அளவுக்கு நீள்கிறது. யோவான் 19:1-இல் அது ஒரே ஒரு வசனம். மத்தேயுவும் மாற்குவும் அதை ஒரு வாக்கியத்தின் பாதியில் முடித்துக்கொள்கிறார்கள். கைது செய்து கொண்டுபோகும்போது இயேசு பாலத்திலிருந்து தள்ளப்படுவதும், பிலாத்துவின் மனைவி மரியாளிடம் துணி கொடுப்பதும், அந்தத் துணியால் இரத்தம் துடைக்கப்படுவதும் எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. இவை ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மானியக் கன்னியாஸ்திரியின் தரிசனங்களிலிருந்து வந்தவை. அவர் இறந்தது 1824-இல், தரிசனங்கள் புத்தகமானது 1833-இல். பிலாத்துவின் மனைவிக்கு வேதத்தில் கிடைத்திருப்பது மத்தேயு 27:19 மட்டும்தான், அதில் பெயர்கூட இல்லை. சிலுவை சுமந்து போகும் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்கா என்ற பெண் பிற்காலப் பாரம்பரியம். மொழி விஷயத்திலும், கிழக்கு மாகாணங்களில் ரோம அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் இடையே பொதுவாக ஓடியது கிரேக்கம். படத்தில் கிரேக்கமே கிடையாது, பிலாத்துவும் இயேசுவும் லத்தீனில் பேசிக்கொள்கிறார்கள்.

இரத்தம் எவ்வளவு காட்டப்படுகிறது என்பதை வைத்து உண்மையை அளக்காதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் ‘நோவா’வும் ‘பேஷ’னும் ஒன்றுதானா? ஒரு விசுவாசி பக்தியோடு எடுத்த படத்தை இப்படிச் சொல்லலாமா?

பதில்: ஒன்று என்று நான் சொல்லவில்லை. ‘பேஷன்’ பெரும்பாலும் சேர்க்கிறது, கதையைத் தலைகீழாக்கவில்லை. மல்கூஸின் காது, பேதுரு மறுதலிப்பது, சிரேனே ஊரானாகிய சீமோன் எல்லாம் சுவிசேஷங்களிலிருந்தே வந்தவை. எனக்கும் அந்தப் படத்தின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அதைப் பார்த்த ஒருவர் வெரோனிக்கா எந்த அதிகாரத்தில் வருகிறாள் என்று தேடினால், அவருக்கு உண்மையைச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. எடுத்தவருடைய பக்தி அந்த வசனத்தை உண்டாக்கித் தராது.

கேள்வி: சரி, நீங்களே சொல்லுங்கள். எந்தப் படம் மிக உண்மை?

பதில்: வார்த்தைக்கு வார்த்தை என்றால், 2003-இல் வந்த ‘யோவான் சுவிசேஷம்’ ஓர் எளிய ஆங்கில மொழிபெயர்ப்பை அப்படியே பேசுகிறது. என் தேர்வு 1964-இல் இத்தாலிய இயக்குநர் பசோலினி எடுத்த ‘மத்தேயு சுவிசேஷம்’. இயேசு பேசுவதெல்லாம் மத்தேயு எழுதியதுதான்.

கேள்வி: பசோலினி ஒரு நாத்திகர், மார்க்சியவாதி! தேவனை நம்பாதவர் எடுத்த படம் எப்படி வேதத்துக்கு உண்மையாக இருக்கும்?

பதில்: நாத்திகர் என்பது உண்மை. அந்தப் படத்தைப் போப் இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார் என்பதும் உண்மை. இரண்டையும் விட்டுவிட்டு ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்ப்போம்.

மத்தேயு 14-ஆம் அதிகாரம். ஏரோதின் பிறந்தநாளில் ஏரோதியாளின் மகள் நடனமாடுகிறாள், ஏரோது மகிழ்கிறான், தாய் சொல்லிக்கொடுத்தபடி அவள் யோவான்ஸ்நானனின் தலையைக் கேட்கிறாள். வசனத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. முக்காடு இல்லை, மயக்கும் ஆட்டம் இல்லை, பெயர்கூட இல்லை. ஏரோதியாளின் மகளுக்குச் சலோமே என்று பெயர் சொல்வது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய வரலாறு. 1953-இல் ஹாலிவுட் இதைப் படமாக்கியது. ரீட்டா ஹேவொர்த் ஆடினார். யோவானைக் காப்பாற்றத்தான் சலோமே ஆடினாள் என்று அதில் கதையையே மாற்றிவிட்டார்கள். பசோலினி படத்தில் ஆடுவது ஓர் இளம்பெண். அடக்கமான முகம், சின்னச் சின்ன அசைவுகள், சட்டென்று முடிந்துவிடும் ஆட்டம். கேட்பது கொடூரம் என்று தெரியாமலே கேட்பது போல் இருக்கிறது. கொலையின் பாரம் தாயின் மேலும் ஏரோதின் மேலும் விழுகிறது. மத்தேயு எழுதியதும் அப்படித்தான். இரண்டில் எது வசனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது?

கேள்வி: என்ன இருந்தாலும் அவிசுவாசி அவிசுவாசிதான். அவர் படத்தைப் பரிந்துரைப்பது தவறு.

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். காட்சியைக் காட்டிப் பேசுங்கள், நானும் பேசுகிறேன்.

கேள்வி: காட்சியைக் காட்டியே பேசுகிறேன். பசோலினியின் இயேசு பெரும்பாலும் கோபமாகவே இருக்கிறார். வார்த்தை மத்தேயுவுடையது, குரல் யாருடையது? சிலுவையடியில் அவருடைய தாய் கதறுகிறாள். மத்தேயுவில் அது எங்கே?

பதில்: நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுதான், நன்றி. மத்தேயு 27:56-இல் சொல்லப்படும் பெண்களில் ஒருத்தியையும் இயேசுவின் தாய் என்று மத்தேயு குறிப்பிடவில்லை. இயேசுவின் தாய் சிலுவையருகே நிற்பது யோவான் 19:25-இல்தான். பசோலினி அதை எடுத்துவந்து, தன் சொந்தத் தாயையே அந்த வேடத்தில் நிறுத்தினார். ஒரே சுவிசேஷத்தை மட்டும் படமாக்குகிறேன் என்றவரே அங்கே இன்னொன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்.

கோபத்தைப் பற்றிச் சொன்னதும் நியாயமே. மலைப்பிரசங்கத்தை நெருக்கமான முகக் காட்சிகளாக, வெளிச்சமும் வானமும் மாறமாற எடுத்திருக்கிறார். “பாக்கியவான்கள்” என்ற சொல்லை மென்மையாகவும் சொல்லலாம், அறைகூவலாகவும் சொல்லலாம். மத்தேயு தொனியை எழுதிவைக்கவில்லை. 23-ஆம் அதிகாரத்தில் வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு கண்டிக்கும் “ஐயோ”க்களை எழுதியதும் மத்தேயுதான் என்பதால் பசோலினியின் தேர்வுக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது தேர்வுதான். நடிகர் வாயைத் திறந்த கணமே விளக்கவுரை தொடங்கிவிடுகிறது. வார்த்தைக்கு வார்த்தை எடுக்கும் படத்துக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. அதனால்தான் “உண்மையான படம் எது” என்பதைவிட “இந்தக் காட்சி எந்த வசனத்தோடு மோதுகிறது” என்று கேளுங்கள் என்கிறேன்.

கேள்வி: இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி சோஸன்’ தொடர் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், அதிகாரத்தை வாசித்துவிட்டு. பேதுருவுக்கு மாமி இருந்தாள் என்று மாற்கு 1:30 சொல்கிறது, ஆகவே மனைவி இருந்தாள். அவளுக்குப் பெயரும் துயரமும் கொடுத்தது தொடர். மத்தேயு ஆயக்காரன், அதாவது வரி வசூலித்தவர், என்பது வசனம், ஆட்டிசம் உள்ளவர் என்பது தொடரின் கற்பனை.

கேள்வி: ‘தி சோஸன்’ பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: ‘பிரின்ஸ் ஆஃப் எஜிப்ட்’ படத்தில் குழந்தை மோசேயை எடுப்பது பார்வோனின் மனைவி. அது தவறுதானே?

பதில்: தவறுதான். யாத்திராகமம் 2:5-இல் எடுப்பது பார்வோனின் குமாரத்தி. ஆனால் அந்தப் படத்தின் பெரிய பிழை ஆரோன். யாத்திராகமம் 4-இல் அவர் வனாந்தரத்துக்கே வந்து தம்பியைச் சந்தித்து, மோசேக்காக ஜனங்களிடம் பேசுகிறார். பார்வோன் முன் கோலைப் போடுவதும் அவரே. படத்தில் அவர் தம்பியை நம்பாமல் முணுமுணுக்கும் ஆளாகிவிட்டார். மோசேக்கு அப்போது 80 வயது, ஆரோனுக்கு 83. இதை யாரும் கேட்பதே இல்லை.

கேள்வி: செங்கடல் அடியில் ரதச் சக்கரங்கள் கிடைத்தது உண்மையா?

பதில்: அது தொல்லியலாளரிடம் கேட்க வேண்டியது. படத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: 1956-இல் வந்த ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் மோசே கையை நீட்டியதும் கடல் பிளந்துவிடுகிறது. யாத்திராகமம் 14:21-இல் இராமுழுவதும் பலத்த கீழ்க்காற்று அடிக்கிறது.

கேள்வி: மகதலேனா மரியாள் விபசாரியாக இருந்தவள்தானே? எல்லாப் படத்திலும் அப்படித்தான் வருகிறது.

பதில்: இல்லை. லூக்கா 8:2: ஏழு பிசாசுகள் நீங்கினவள். லூக்கா 7-இல் வரும் பாவியான பெண்ணுக்குப் பெயரே கிடையாது.

கேள்வி: தெலீலாள் சிம்சோனின் முடியை வெட்டும் காட்சியை எந்தப் படம் சரியாக எடுத்திருக்கிறது?

பதில்: நியாயாதிபதிகள் 16:19-ஐ வாசித்துவிட்டு நீங்களே தேடுங்கள். அவள் அவனைத் தன் மடியில் தூங்க வைத்து, ஒருவனை அழைத்துச் சிரைக்கச் சொல்கிறாள்.